பார்டரில் நிற்பவர்கள்

“சுகர் பார்டர்ல இருக்கு சார். அரிசியைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, நடங்க.” ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டாக்டர் சொல்லும் இந்த வார்த்தைகளைக் கேட்காத குடும்பம் இன்று குறைவு. வெளியே வந்ததும் பலர் செய்வது, ‘அப்பாடா, இன்னும் வரலை’ என்று ஒரு காபி குடிப்பதுதான். சர்க்கரை போட்டு.

குளுக்கோஸ் கரைசல் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 200-ஐத் தொட்டால் நீரிழிவு. நடுவில் இருப்பவர்கள்தான் பார்டர்காரர்கள். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. க்யூவில் நிற்பவர்கள்தான் அதிகம்.

இவர்களைத் தடுத்து நிறுத்த முடியுமா என்ற கேள்விக்கு உலகம் மதிக்கும் பதில்களில் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனையோடு சரி. இரண்டாவது பிரிவுக்குத் தினமும் அரை மணி நேர வேக நடை, சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் கட்டுப்பாடு என்று தொடர்ச்சியான வழிகாட்டல். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, நான்காவது பிரிவுக்கு இரண்டும்.

2006-இல் முடிவு வந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றே ஆண்டில் நீரிழிவுக்காரர்கள் ஆகியிருந்தார்கள். அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற ஆய்வில் அந்த அளவு சுமார் 29 சதவீதம்தான். நம்மவர்கள் பார்டரைத் தாண்டும் வேகம் அப்படி. ஆனால் பழக்கத்தை மாற்றிய பிரிவில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரைப் பிரிவும், மாத்திரையும் நடையும் சேர்ந்த பிரிவும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றன. நடப்பவர்களுக்கு மாத்திரை கூடுதலாக எதையும் செய்துவிடவில்லை.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பலன் கண்ட அந்தப் பிரிவினருக்கு உடல் எடை குறையவே இல்லை! ‘ஒரு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூட இறங்கலை’ என்று ஷூவைப் பரணில் போட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடை மெஷின் அசையாதபோதும் உடம்புக்குள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்து அதே குழு, தென்னிந்தியாவில் தொழில் நிறுவனங்களில் வேலை பார்க்கும் 537 ஆண்களை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒருமுறை நேரில் ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் அதற்குப் பிறகு செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்துகொண்டே இருந்தது. உணவு, நடை பற்றிய சின்னச் சின்ன நினைவூட்டல்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே செய்தி அல்ல. ஒவ்வொருவரும் மாறுவதற்கு எந்த அளவு தயாராக இருக்கிறார் என்று பார்த்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில், ஒருமுறை மட்டும் அறிவுரை கேட்டவர்களில் 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு, எஸ்.எம்.எஸ். வந்தவர்களில் 18 சதவீதம்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் விடியற்காலையில் வரும் வெந்தயக் குறிப்புகளால் நொந்துபோனவர்களுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அளந்து, ஆள் பார்த்து, விடாமல் சொல்வது வேறு, ஃபார்வர்ட் வேறு. டாக்டர் அறையில் ஒருமுறை சொல்லி அனுப்புவது பெரும்பாலும் வாசலோடு போய்விடுகிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. ஒரு குறை: ஆய்வில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. அவர்கள் வீட்டில் சமைப்பவரின் போனுக்கும் செய்தி போயிருந்தால் இன்னும் எத்தனை பேர் தப்பியிருப்பார்களோ.

சர்க்கரை மட்டும்தானே என்று இருந்துவிடவும் முடியாது. இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் உயரும் ரத்த அழுத்தமும் கூடவே வந்து மாரடைப்புக்கு வழிசெய்கின்றன. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினாலே எச்சரிக்கை. சீனாவின் எண்ணெய் நகரமான டாச்சிங்கில் 1986-இல் பார்டரில் இருந்த 577 பேரை வைத்து ஆறு ஆண்டு நடந்த உணவு, உடற்பயிற்சித் திட்டத்தின் பலனை 30 ஆண்டு வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 26 சதவீதம் குறைந்திருந்தன. நீரிழிவு வந்தவர்களுக்கும் அது சராசரியாக நான்கு ஆண்டு தள்ளியே வந்தது.

சரி, தட்டில் எதை மாற்றுவது? மூன்று இட்லிக்குப் பதில் மூன்று கேழ்வரகு தோசை என்பதுதான் இன்றைய ஃபேஷன். இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசி, மைதா இருந்த இடத்தில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் ஆபத்து குறைவதாக அதில் தெரியவில்லை. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவை மாவுச்சத்திலிருந்து பருப்பு, தயிர் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் ஆபத்து குறையும் என்றது கணக்கு. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 100 கலோரி: ஏறக்குறைய ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கொஞ்சம் கொண்டைக்கடலைச் சுண்டல்.