பெரிய கோயிலிலிருந்து அகஸ்தியர் வரை

"இன்ன நட்சத்திரம் இத்தனை ஒளி வருஷ தூரத்தில் இருக்கிறது" என்று பத்திரிகையில் வந்தால், "யார் போய் நூல் பிடித்து அளந்தார்களாம்?" என்று எந்த வீட்டிலும் ஒரு பாட்டி கேட்பாள். நியாயமான கேள்விதான். பதிலுக்காக வானசாஸ்திரக் கூடம் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வாருங்கள்.

1808-ஆம் வருஷம். வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியாவை அளந்துகொண்டே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அளந்தார் என்றதும், ஊர் ஊராகச் சங்கிலி போட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் நின்று, தூரத்திலுள்ள ஒரு குன்று எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று பார்த்தால் போதும். குன்றின் தூரம் கணக்கில் வந்துவிடும். அந்தத் தூரத்தை வைத்து அடுத்த முக்கோணம். அதை வைத்து இன்னொன்று.

காவிரிக் கரையில் இந்த வித்தை தடுமாறியது. இங்கே குன்றுக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். வயலைத் தாண்டினால் தென்னந்தோப்பு. ஆகவே கோபுரங்களே குன்றுகளாயின. அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைந்துபோயிற்று! வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லாம்ப்டன் ஆறு வாரம் பாடுபட்டு, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, அதைத் தாமே நேராக்கிக்கொண்டார்.

நட்சத்திரத்தை அளப்பதும் இதே முக்கோணம்தான். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை. விரல் ஜன்னல் கம்பிகளுக்கிடையே தாவுகிறது அல்லவா? விரல் அருகே வந்தால் தாவல் அதிகம், விலகினால் குறைவு. ஆகாயத்துக்கு இரண்டு கண்களின் இடைவெளி போதாது. பரங்கிமலைக் கோடும் போதாது. தை மாதத்தில் ஒரு தரம், ஆடி மாதத்தில் ஒரு தரம் பார்க்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. நமக்கு 30 கோடி கிலோமீட்டர் நீளமுள்ள கோடு கிடைக்கிறது.

அப்படியும் தாவல் எவ்வளவு தெரியுமா? ஓர் அங்குலப் பொட்டை மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவே! அதுவும் ஆல்பா சென்டாரி என்ற மிக அருகிலுள்ள நட்சத்திரத்துக்கு. வைகாசியில் இரவு பத்து மணிக்குத் தெற்கே, அடிவானத்துக்கு ஒரு சாண் மேலே டெல்டாவில் நன்றாகத் தெரியும். (லாம்ப்டனுக்குச் சத்துருவான சமவெளி, வானம் பார்க்கிற நமக்கு வரப்பிரசாதம்.) அது ஒன்றல்ல, இரண்டு என்று 1689-இல் பாண்டிச்சேரியிலிருந்து தொலைநோக்கியில் கண்டவர் ரிஷோ என்ற பாதிரியார். அதன் தாவலை ஆப்பிரிக்காவின் தென்கோடியில் அளந்த ஹெண்டர்சன், வெளியிடத் தயங்கித் தாமதித்தார். அதற்குள் 1838-இல் ஜெர்மனியில் பெஸ்ஸல் வேறொரு நட்சத்திரத்தின் தூரத்தைச் சொல்லிப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆல்பா சென்டாரியின் தூரம் 4.37 ஒளி வருஷம். அதாவது சுமார் 41 லட்சம் கோடி கிலோமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடும் ரயிலில் ஏறினால், போய்ச் சேர 4 கோடியே 70 லட்சம் வருஷம் ஆகும்.

தூரம் தெரிந்த பிறகுதான் பிரகாசத்தின் குட்டு வெளிப்பட்டது. மாசி பிறக்கும் சமயத்தில், இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பி நில்லுங்கள். உயரே பளீரென்று மின்னுவது ஸிரியஸ். ஆகாயத்திலேயே முதல் பிரகாசம் அதற்குத்தான். அதற்கு வெகு கீழே, இரண்டாவதாக நிற்பது அகஸ்தியர். ஆம், காவிரியைக் கமண்டலத்தில் அடைத்த அதே முனிவரின் பெயர்தான். பார்வைக்கு ஸிரியஸில் பாதிப் பிரகாசம். ஆனால் ஸிரியஸ் இருப்பது எட்டரை ஒளி வருஷத்தில். அகஸ்தியர் இருப்பது சுமார் 310-இல்! உள்ளபடி அகஸ்தியரின் ஒளி, ஸிரியஸைப் போல் ஏறக்குறைய 650 மடங்கு. குள்ளமுனி என்றா நினைத்தீர்கள்?

கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்துக்கு உலகம் முழுவதும் இன்று வழங்கும் அளவை 1856-இல் வகுத்தவர் போக்ஸன். பிறகு 1861 முதல் 1891-இல் இறக்கும் வரை நம் சென்னை நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். பள்ளிக்கூட ராங்கு மாதிரி, எண் குறைந்தால் பிரகாசம் அதிகம். ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு.

உஷ்ணத்தை அளக்க நிறமே போதும். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கிறது. பிறகு மஞ்சளாகி, கடைசியில் வெளுக்கிறது. நட்சத்திரமும் அப்படியே. நீலம் கலந்த வெண்மையான ஸிரியஸின் மேற்பரப்பு 9,600 டிகிரி செல்ஸியஸ். நம் சூரியன் 5,500. ஒளியைப் பிரித்து, அதிலுள்ள கோடுகளிலிருந்து உஷ்ணத்தைக் கணக்கிடும் வழியை 1920-இல் உலகுக்குச் சொன்னவர் வங்காளத்து மேகநாத் ஸாஹா.

சிவப்பு நட்சத்திரத்துக்கு உதாரணம் வேண்டுமா? களி கிண்டிக் கொண்டாடுகிறோமே, அந்தத் திருவாதிரைதான். பார்க்க நெருப்புத் துண்டு. உஷ்ணமோ 3,300 டிகிரிதான். ஆனால் உருவம் பிரம்மாண்டம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் நம் பூமியையும் விழுங்கிவிடும். 2019 மார்கழியில் அது மங்கித் தெரிந்தபோது, வெடித்துவிடப் போகிறதோ என்று பேச்சுக் கிளம்பியது. அதுவே கக்கிய தூசி மேகம் மறைத்ததுதான் காரணம் என்று பிறகு கண்டார்கள். அதன் தூரம் 500-க்கும் 700-க்கும் இடைப்பட்ட ஒளி வருஷம். ஆகவே நாம் அந்த மார்கழியில் பார்த்த மங்கல், தஞ்சாவூரில் நாயக்கர்கள் பட்டத்துக்கு வருவதற்கும் முன்னாலேயே நடந்து முடிந்த சமாசாரம்.