குரலாக எஞ்சிய கலைஞன்
அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் சிவாஜி கணேசன் நினைவு பற்றிச் சில குறிப்புகள்

நடிகர் ஒருவரின் மறைவுக்காக மக்கள் அழுவதைப் பாமரத்தனம் என நகைப்பதும், அரசியல் மயக்கம் என ஒதுக்குவதும் நம்மிடையே நெடுநாளாக நிலவும் இரு போக்குகளாகும். முதலாவது போக்கு மக்களை மதிக்காதது. இரண்டாவது ஓரளவு உண்மையைக் கொண்டதேனும், அத்துயரம் இடத்துக்கு இடம் ஏன் வேறுபடுகின்றது என்பதை விளக்காதது. கல்முனையை நடுவாகக் கொண்ட அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களை முன்வைத்து அவ்வேறுபாட்டினை நாம் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

தமிழகத்தின் இரு பெரும் மரணங்களை முதலில் நோக்கலாம். இலங்கையின் மலையகத்திலே பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் 1987 டிசம்பர் 24ஆம் திகதி மறைந்தபோது சென்னை நகரே நிலைகுலைந்தது. இரசிகர் சிலர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். திரையில் உருவாக்கப்பட்ட ஏழைப்பங்காளன் என்னும் பிம்பம் எவ்வாறு ஆட்சியதிகாரமாயிற்று என்பதை எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் ஆராய்ந்துள்ளார். சிவாஜி கணேசன் 2001 ஜூலை 21ஆம் திகதி சென்னையிற் காலமானார். முன்னவருக்கு மெரினாக் கடற்கரையிற் சமாதி அமைந்தது. பின்னவருக்கு 2006இல் அக்கடற்கரைச் சாலையிலே சிலை எழுந்தது. 2017இல் அது அடையாற்று மணிமண்டபத்துக்கு இடம் மாறியது. உடல், சிலை, படம், மாலை ஆகியன கொண்டு அமைந்த நினைவுமுறை இது.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் இம்முறைக்கு இடமில்லை. இறந்தோரின் உருவத்துக்கு மாலை சூட்டி விளக்கேற்றுதல் முஸ்லிம்களின் வழக்கமன்று. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் துக்கம் காக்கவேண்டும். ஏனைய மரணங்களுக்கு மூன்று நாளே துக்க எல்லை. ஒப்பாரி வைத்து ஓலமிடுதலும் விலக்கப்பட்டுள்ளது. நாட்டின் சூழலும் அப்போது அமைதியானதன்று. சிவாஜி மறைந்த மூன்றாம் நாளே கட்டுநாயக்க விமான நிலையம் தாக்குதலுக்குள்ளாயிற்று. கடல் கடந்து சென்று இறுதி அஞ்சலி செலுத்துதல் இக்கரையின் சாதாரண இரசிகர் எண்ணிப்பார்க்கக்கூடியதாக இருக்கவில்லை. உடலும் எட்டாது, உருவமும் உதவாது என்னும் நிலையில் நினைவு எதனைப் பற்றிக்கொள்ளும் என்பதே நம் வினா.

தொலைவில் உள்ளவரை நினைவுகூரும் மரபு இக்கரைக்குப் புதியதன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் சாகுல் ஹமீது நாயகம் அவர்களின் பெயரால் கொடியேற்று விழா நடைபெறுகின்றது. அப்பெரியார் அடக்கமாகியிருப்பது மறுகரையிலுள்ள நாகூரில். இறைநேசரையும் நடிகரையும் ஒருநிலையில் வைப்பது எமது நோக்கமன்று. அடக்கத்தலம் இல்லாத இடத்திலும் நினைவு நிலைபெறும் என்பதையும், கடலைத் தாண்டிய உறவு இவ்வூர்களின் வாழ்வில் ஊறியது என்பதையும் மட்டுமே சுட்டுகின்றோம்.

சிவாஜியைப் பொறுத்தவரை, நினைவு பற்றிக்கொண்டது அவரது குரலை. இதனை விளங்கிக்கொள்ள அவரது நாடகப் பின்னணியை அறிதல் வேண்டும். சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனியிற் சேர்ந்த கணேசன் பெண்வேடம் உட்படப் பல வேடங்களைத் தாங்கியவர். அண்ணாதுரையின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்ததன் பின்னரே பெரியார் வாயிலாகச் 'சிவாஜி' என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. ஒலிபெருக்கி அரிதாயிருந்த கொட்டகையிற் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் சென்றடைதல் வேண்டும். மூச்சை அளந்து, வாக்கியத்தைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்ற இறக்கம் கொடுக்கும் பயிற்சி அத்தேவையிலிருந்து பிறந்தது. விமர்சகர் பின்னாளில் 'மிகை நடிப்பு' எனக் குறைகூறியதன் வேரும் இதுவே. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் திரைப்படமாவதற்கு முன் மேடையிற் பலமுறை நடிக்கப்பட்டதென்பது மனங்கொள்ளத்தக்கது. அப்படத்துக்காக 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. ஏகாதிபத்திய எதிர்ப்பு உணர்வு மேலோங்கியிருந்த காலத்தில், வெள்ளையனை எதிர்த்துப் பேசிய ஒரு தமிழ்க்குரல் அரபு நாட்டின் தலைநகரில் மதிக்கப்பட்டது சிறப்பாகக் குறிப்பிடற்பாலது.

அக்குரல் திரையரங்கினுள் மட்டும் அடங்கியிருக்கவில்லை. கதைவசனப் புத்தகங்களும் வசன இசைத்தட்டுகளும் அதனை வெளியே கொணர்ந்தன. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, படங்களின் ஒலிச்சித்திரங்களை வீடுகளுக்குள்ளேயே கொண்டுசேர்த்தது. திரையரங்கு செல்லும் வாய்ப்புக் குறைந்த பெண்களுக்கு இது முதன்மையான வழியாயிற்று. 1972இல் அமைக்கப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியைத் தன்வசமாக்கியபின், புதிய படம் வந்துசேரும்வரை கேட்ட வசனத்தையே மீண்டும் கேட்டு மனனம் செய்யும் நிலை வலுப்பெற்றது எனலாம். பாடசாலை மேடையிற் கட்டபொம்மன் வசனம் பேசுதல் ஈழத்தின் தமிழ் பேசும் பகுதிகள் எங்கணும் பரவிய வழக்கமாகும். நடிகனை நினைவுகூர்தல் என்பது அவன் பேசியதைத் தானும் பேசிப்பார்த்தல் என்றாயிற்று. அதற்குப் படமும் வேண்டியதில்லை, பந்தலும் வேண்டியதில்லை.

அக்குரல் பேசிய தமிழின் இயல்பும் இங்குக் கவனிக்கத்தக்கது. பராசக்தியின் வசனமும் கட்டபொம்மனின் வசனமும் எந்த ஊரின் பேச்சுமல்ல. கல்முனைப் பேச்சுக்கும், அண்டைத் தமிழூராகிய பாண்டிருப்பின் பேச்சுக்கும், யாழ்ப்பாணப் பேச்சுக்கும், சென்னைப் பேச்சுக்கும் அவை சம தொலைவில் நின்றன. எவருக்கும் உரியதல்லாத தமிழ் ஆகையால் எல்லோரும் அதனைத் தமதாக்கிக்கொள்ள முடிந்தது. தமிழைத் தாய்மொழியாகவும் இஸ்லாத்தைத் தம் அடையாளமாகவும் கொண்ட ஒரு சமூகத்துக்கு இது சிறிய செய்தியன்று.

'பாவமன்னிப்பு' 1961இல் வெளிவந்தது. அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டதும் அதே ஆண்டிலேயே. இஸ்மாயில் என்னும் பெரியவர் வளர்த்த ரஹீமாகச் சிவாஜி அப்படத்தில் தோன்றினார். தமிழ்ப்படங்களில் முஸ்லிம் பாத்திரங்கள் பெரும்பாலும் உதவிசெய்யும் நண்பனாக ஓரத்தில் நிற்பனவே. ரஹீமோ கதையின் நடுவில் நின்றான். நல்ல தமிழ் பேசினான். ஆயினும் ரஹீம் பிறப்பால் இந்து என்றே கதை அமைக்கப்பட்டுள்ளதை முற்போக்கு வாசகர் கவனியாதிருத்தலாகாது. முஸ்லிமாகவே பிறந்த ஒருவனை அவ்விடத்தில் நிறுத்தத் தமிழ்த்திரை அன்று தயங்கியது. விருப்பமும் குறையும் ஒருங்கே கொண்ட உறவு அது. நினைவுகூர்வோர் இரண்டையும் சேர்த்தே நினைவுகூர்தல் வேண்டும்.

சாதி வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது ஆற்றுகைக் களம் திரையரங்கே என்பது பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் கருத்து. கிழக்குக் கரையில் அக்கூரையின்கீழ் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே இருந்தனர் என்பதை நாம் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். 1985இல் காரைதீவில் வெடித்த வன்முறையும், 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டமையும் அவ்வயலுறவைப் பிளந்தன. விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் காரைதீவு. நாடகவியல் பற்றி 'மதங்க சூளாமணி' இயற்றிய அவ்வறிஞரின் மண்ணிலேயே அயலவர் அயலவரை அஞ்சும் நிலை தோன்றியது பெருந்துயரம். சிவாஜி மறைந்தபோது இரு சமூகத்து முதியோரும் நினைத்துத் துக்கிக்கத்தக்க பொதுப்பெயர்கள் மிகச்சிலவே எஞ்சியிருந்தன. அவற்றுள் அவர் பெயரும் ஒன்று. நடிகர் ஒருவரின் நினைவு சமூகங்களை இணைத்துவிடும் என நாம் மிகைபடக் கூறவில்லை. பிளவுக்கு முந்திய பொதுவாழ்வு ஒன்று இருந்தமைக்கு அது சான்று என்கின்றோம்.

அச்சான்று அழிந்துவருகின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இம்மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது; கரையோர வீடுகளுடன் அங்கிருந்த பொருள்களும் போயின. பாவமன்னிப்பை இருபது வயதிற் பார்த்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். திரைப்படத் தகவல்களை எப்போதும் தேடிப் பெறலாம். இவ்வூர்களின் மக்கள் அப்படங்களை எங்கே பார்த்தனர், யாரோடு இருந்து கேட்டனர், எந்த வசனத்தை எதற்காக மனனம் செய்தனர் என்பவை அம்முதியோரிடம் மட்டுமே உள. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் இணைந்து, முஸ்லிம், தமிழ் மாணவர் இருசாராரையும் ஒருங்கே அனுப்பி, இவ்வாய்மொழிச் சான்றுகளை ஒலிப்பதிவு செய்தல் உடனடித் தேவையாகும். குரலால் வாழ்ந்த கலைஞனின் நினைவைக் குரல்களாகவே பேணுதல் பொருத்தமானதுங்கூட.