சொட்டுநீர்க் குழாய் வெடிப்பது ஏன்?

ஒரே கனமும் ஒரே கறுப்பு நிறமும் கொண்ட இரு சொட்டுநீர்க் குழாய்களில் ஒன்று பல ஆண்டுகள் உழைக்கிறது. மற்றது விரைவிலேயே வெடித்துவிடுகிறது. இதற்குக் காரணம் அவற்றின் உள்ளமைப்பே.

உருக்கிய நெய் மெல்ல ஆறினால் மணல் மணலாக உறைகிறது. விரைந்து குளிர்ந்தால் வழவழப்பாக உறைகிறது. குழாய் செய்யப்படும் பாலிஎத்திலீனும் இவ்வாறே. உருகிய நிலையில் சிக்கலான நூல்போல் கிடக்கும் அதன் நீண்ட மூலக்கூறுகளில் ஒரு பகுதி, ஆறும்போது ஒழுங்காக மடிந்து படிகமாகிறது. இது விறைப்பையும் வலிமையையும் தருகிறது. ஒழுங்கின்றி நிற்கும் மறுபகுதி வளையும் தன்மையைத் தருகிறது. இரண்டும் அளவோடு இருத்தல் அவசியம்.

சேர்மானப் பொருட்கள்

கற்கண்டு செய்வோர் பாகில் நூல் கட்டுவர். படிகம் அதைப் பற்றி வளரும். அதுபோல் பாலிபுரொப்பிலீனில் மாக்கல் தூளைச் சிறிதளவு சேர்த்தால், ஒவ்வொரு துகளும் படிகத்திற்கு வித்தாகிறது. படிக மணிகள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகுகின்றன.

கறுப்புக் குழாயில் 2 முதல் 3 சதவீதம் வரை கரிப்புகைத் தூள் சேர்ப்பது வெயிலைத் தாங்குவதற்காக. இது குறைந்தாலும் சரிவரக் கலக்காவிட்டாலும், புற ஊதாக் கதிர்கள் ஒழுங்கற்ற பகுதியிலுள்ள மூலக்கூறுகளை அறுக்கின்றன. அறுபட்ட துண்டுகள் படிகத்தோடு சேர்ந்துவிடுவதால் வளையும் தன்மை குன்றிக் குழாய் வெடிக்கிறது.

கலப்பினால் வரும் நன்மை தீமை

நிலப்போர்வைத் தாளில் எல்.எல்.டி.பி.ஈ., எல்.டி.பி.ஈ. என்னும் இருவகைப் பாலிஎத்திலீனைக் கலப்பதுண்டு. முன்னது எளிதில் குத்துப்படாது. பின்னது தாளாக ஊத எளிது. ஆனால் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்காமல் உருக்கினால், பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தனித்தனியே படிகமாகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிடிப்பு குறைவதால் அங்கேயே விரிசல் தொடங்கும்.

இத்துறையில் பயிற்சியும் பொருட்சோதனையும் அளிக்க, சென்னை தரமணிக்கு அருகிலுள்ள கிண்டியில் 1968-ஆம் ஆண்டு சிப்பெட் எனப்படும் மத்திய நிறுவனம் தொடங்கப்பட்டது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. படிகங்கள் கண்ணுக்குத் தெரியா. எனவே பக்கவாட்டுக் குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 12786 என்ற எண்ணும் உள்ளனவா எனப் பார்க்கவும்.

2. குழாயின் வெட்டுமுகத்தில் நிறம் சீராக இருக்க வேண்டும். குமிழோ கட்டியோ இருத்தல் கூடாது.

3. பயன்படாத காலத்தில் குழாயைச் சுருட்டி நிழலில் வைக்கவும். மடித்து நசுக்க வேண்டாம்.

விலை குறைவென்று தரமற்ற குழாயை வாங்கினால், பயிருக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் கோடையிலேயே அது கைவிட்டுவிடும். தரமறிந்து வாங்கிப் பயன் பெறுவீர்.