முந்தினால் ஜன்னல் ஓரம்!

குழந்தைகளே! பஸ்சில் ஏறியதும், ஜன்னல் ஓரம் இடம் பிடிக்க ஓடுவீர்கள் அல்லவா? விமானத்திலும் அப்படி இடம் பிடித்தனர் தெரியுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1971ல் பறக்கத் துவங்கியது சவுத்வெஸ்ட் விமான நிறுவனம். அப்போது இதன் டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கவில்லை. காலியாக இருந்த எந்த இடத்திலும் உட்கார முடிந்தது.

இந்நிறுவனம், 1972ல் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கின் வேலையை மூன்று செய்ய வேண்டுமே! வந்து இறங்கிய விமானத்தை, 10 நிமிடங்களில் மீண்டும் கிளப்பினர். இருக்கை எண்ணைத் தேடாமல் பயணியர் சட்டென உட்கார்ந்தது, இதற்குக் கை கொடுத்தது.

ஆனால், நல்ல இடத்துக்காகப் பலர் நெடுநேரம் வரிசையில் காத்து நின்றனர். 2007ல் இதற்கு வழி பிறந்தது. ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 60 வரை எண்கள். விமானம் புறப்பட 24 மணி நேரம் இருக்கும்போது, 'செக்-இன்' துவங்கும். பொதுவாக, முந்திப் பதிந்தவருக்கு முந்தைய எண் கிடைத்தது. அழைக்கும்போது, தன் எண்ணுக்கு உரிய கம்பத்தின் அருகே நின்றாலே போதுமானதாக இருந்தது. தள்ளுமுள்ளு இருக்கவில்லை!

கடைசியில் ஏறியோருக்கு நடு இருக்கைதான் மிஞ்சியது. அம்மா ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்றால் குழந்தை அழாதா? அதனால், 6 வயது வரையுள்ள குழந்தைகளை, பெற்றோருடன் 'ஏ' பிரிவுக்கு அடுத்து ஏற்றினர்.

ஆனாலும், முன்பே இருக்கை தெரிவதையே பெரும்பாலோர் விரும்பினர். 2026 ஜனவரி 27 முதல், இங்கும் இருக்கை எண் வந்துவிட்டது.

முந்தியவருக்கு முதலிடம் தருவது நியாயம். சிறியவருக்கு வழிவிடுவது அதைவிடப் பெரிய நியாயம். நாளை பஸ்சில் ஏறும்போது, இதை நினைத்துக் கொள்வீர்களா?