வீட்டுக் கொட்டகையில் மின்சாரக் கார் தூக்கி

காரின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டுமாயின், பள்ளம் தோண்டி அதனுள் இறங்கி நிற்பதே முன்னாளைய வழக்கம். இப்பொழுது எடுத்துச் செல்லத்தக்க மின்சாரத் தூக்கிகள் விற்பனைக்கு வந்துள்ளன. சிறிய மோட்டார் ஒன்று எண்ணெய்ப் பம்பை ஓட்டுகிறது. அழுத்தம் ஏறிய எண்ணெய் உருளைக்குட் பாய்ந்து தண்டைத் தள்ள, வண்டி அரை மீட்டர் அளவுக்கு மேலெழுகிறது. வாங்க எண்ணுவோர், 'எத்தனை டன் தூக்கும்?' என்று முதலில் வினவுகின்றனர். 'என் வீட்டுக் கம்பி இதற்குப் போதுமா?' என்பதே முதலில் எழவேண்டிய வினா.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ள எருத்தேன்பதி போன்ற ஊர்களில் இவ்வினாவை விளக்குவது எளிது. தோட்டத்துப் பம்பு மோட்டார், மின்னழுத்தம் தாழ்ந்த வேளையில் சுழலாமல் முனகுவதையும் பின்னர்ச் சுருள் கருகுவதையும் உழவர் அறிவர். கார் தூக்கியின் மோட்டாரும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயினும் பம்பு நின்றால் நீர்தான் நிற்கும். தூக்கி இடையில் நின்றாலோ வண்டி அந்தரத்தில் நிற்கும். அதன் கீழ்த் தலையை நீட்டிப் பார்க்க யாருக்கும் ஆவல் எழும்.

1,200 கிலோகிராம் எடையுள்ள காரை அரை மீட்டர் உயர்த்தச் செய்யவேண்டிய வேலை 5,880 ஜூல். அதனை 30 வினாடியில் முடித்தால் சராசரித் திறன் 196 வாட் மட்டுமே. அவ்வாறிருக்க, 2 குதிரைத் திறன் அளவுள்ள மோட்டாரை ஏன் பொருத்துகின்றனர்? எண்ணெயிலும் பம்பிலும் ஏற்படும் இழப்பு ஒரு காரணம். கனத்த வண்டிகளுக்கான ஒதுக்கம் மற்றொன்று. கத்தரிக்கோல் அமைப்புள்ள தூக்கியில் கைகள் தரையோடு படுத்திருக்கும் தொடக்க நிலையிலேயே மிகுதியான விசை தேவைப்படுகிறது என்பதையும் கருதுதல் வேண்டும்.

அத்தகைய 1,500 வாட் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் மின்னோட்டத்தையே கொள்ளும். புறப்படும் கணத்தில் அதனினும் ஐந்தாறு மடங்கு, அதாவது 50 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். இங்குதான் தொல்லை தொடங்குகிறது. வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளியுள்ள கொட்டகைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி சென்றிருப்பதாகக் கொள்வோம். போக்குவரத்தாக 60 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 0.73 ஓம். ஓடும்போது இழப்பு 7 வோல்ட், அது பொருட்டன்று. புறப்படும்போதோ 36 வோல்ட் கம்பியிலேயே கழிந்துவிடும். 230 வோல்ட்டில் எஞ்சுவது 194. முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. பம்புகள் ஓடும் நேரத்தில் தெருக் கம்பியிலேயே 200 வோல்ட்தான் உள்ளதெனின், எஞ்சுவது முழு விசையில் பாதியை ஒட்டியதே. 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் 36 வோல்ட் இழப்பு 14 ஆகக் குறையும்.

வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். பள்ளி ஆசிரியர்களுக்கும் இது நல்ல பாடம். கொட்டகைப் பலகையில் உள்ள பிளக் பாயிண்ட் ஒன்றில் 1,000 வாட் பெட்டியைச் செருகுக. அடுத்த பாயிண்டில், பழக்கமுள்ளவர் ஒருவர் வோல்ட் மீட்டரைப் பிடிக்கட்டும். பெட்டியின் விளக்கு எரியும்போதும் அணையும்போதும் அளவைக் குறித்துக்கொள்க. 226 வோல்ட் 220 ஆக இறங்கினால் வேறுபாடு 6. பெட்டி கொள்வது சுமார் 4.3 ஆம்பியர், எனவே தடை 1.4 ஓம். 50 ஆம்பியருக்கு 70 வோல்ட் இழப்பு என்பது கணக்கு. அவ்விடத்தில் தூக்கியை மாட்டுதல் ஆகாது. வேறுபாடு 2 வோல்ட்டுக்கு மேற்படாவிடில் தாராளமாக முயலலாம். அண்டைவீட்டாரின் பயன் இடையிடையே மாறுவதால் மும்முறை அளப்பது நலம். பம்புகள் ஓடும் நேரத்தில் அளப்பது அதனினும் நலம்.

குறை கம்பியில் இருப்பின், முதன்மைப் பலகையிலிருந்து தனிக் கம்பி இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் அமைப்பதே முறை. எம்.சி.பி. 'சி' வகையாக இருக்கட்டும்; 'பி' வகை புறப்பாட்டு மின்னோட்டத்துக்கே விழுந்துவிடக் கூடும். ஈரத் தரையில் நின்று தொடும் கருவியாதலின், சரியான நிலத்தொடர்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம் வேண்டும். நீட்டிப்புக் கம்பியைச் சுருளோடு பயன்படுத்தினால் அது சூடேறி உருகும். முழுதும் பிரித்து விரிக்கவேண்டும். கடைக்காரர் ஸ்டெபிலைசரைப் பரிந்துரைப்பார். புறப்பாட்டு மின்னோட்டத்தைத் தாங்கும் அளவுடையதாக அது இராவிடில் பயனில்லை. அதற்கப்பால் செல்லும் மெல்லிய கம்பியின் இழப்பையும் அது ஈடு செய்யாது.

குறை தெருக் கம்பியிலேயே இருப்பின், 12 வோல்ட் பாட்டரியால் இயங்கும் வகை எனக்கு மேலாகத் தோன்றுகிறது. அது 125 ஆம்பியர் அளவுக்கு இழுக்குமாதலால், கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருத்தல் வேண்டும். பாட்டரியை மெல்ல மின்னேற்றிக் கொள்ளலாம், மின்வெட்டும் இடையூறாகாது.

அயல்நாட்டிலிருந்து கொணரப்படும் தூக்கிகளைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க வகை 120 வோல்ட், 60 சுழற்சிக்கு உரியது. மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமேயன்றிச் சுழற்சியை மாற்றாது. நமது 50 சுழற்சியில் அம்மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். இரும்புள்ளகம் மிகுதியாகச் சூடேறும்.

மோட்டார் முனகினால் உடனே பொத்தானை விடுக. அந்நிலையில் வண்டியைத் தாங்கி நிற்பது எண்ணெயைத் தடுக்கும் சிறு வால்வு ஒன்றே. இரும்புப் பூட்டு இன்னும் விழுந்திராது. கீழே எவரும் இல்லையென்று கண்டு, இறக்கு வால்வைத் திறந்து வண்டியைத் தரைக்குக் கொணர்ந்த பின்னரே கம்பியை ஆராயவேண்டும்.