அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கம்



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்று வீடு திரும்பிய சகோதரிகளில் சிலர், சில மாதங்களோ சில வருடங்களோ கழித்து மறுபடியும் நம்மிடம் வருகிறார்கள். ஒரு கை மட்டும் கனத்திருக்கிறது, வளையல் ஏறவில்லை, ஜாக்கெட் கை இறுக்குகிறது. "ஐயா, நோய் திரும்பிவிட்டதா?" என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. பெரும்பாலும் அப்படி இல்லை; ஆனாலும் மருத்துவர் பார்த்தே அதை உறுதி செய்ய வேண்டும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதியும் அல்ல இது.

தாமிரபரணிப் பாசனத்தை அறிந்த நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். மடை வழியே வயலுக்குள் வரும் நீரில் மிகுந்தது வடிகால் வழியே வெளியேறும். வடிகால் தூர்ந்தால் வயலில் நீர் கட்டி நிற்கும். நமது சரீரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரைத் திரும்பக் கொண்டுசேர்க்கும் வடிகால்களே நிணநீர்க் குழாய்கள். கையின் நீர் அக்குளிலுள்ள கணுக்கள் வழியாகவே செல்கிறது. புற்றுநோய் முதலில் பரவுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே அறுவை சிகிச்சையில் அக்கணுக்களை எடுக்கிறார்கள். சிலருக்குக் கதிர் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். உயிரைக் காத்த அந்தச் சிகிச்சையினால் வடிகால் குறைந்துபோகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இவ்வீக்கம் உண்டாகிறது.

இதை முற்றிலும் நீக்குவது அரிது. ஆனால் அடக்கி வைக்க முடியும். அதற்கு பிசியோதெரபியில் நான்கு காரியங்கள் உண்டு. முதலாவது, தோலைச் சுத்தமாகவும் வறண்டுபோகாமலும் காத்தல். இரண்டாவது, பயிற்சி பெற்றவர் மெதுவாகத் தடவி நீரை மேல்நோக்கி நகர்த்துதல். எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவது வேறு. மூன்றாவது, விரல் முதல் தோள் வரை பல அடுக்காகக் கட்டும் கட்டு. நான்காவது, அந்தக் கட்டோடேயே விரல்களை மூடித் திறந்து, முழங்கையை மடக்கி நீட்டிச் செய்யும் பயிற்சி. தசை அசையும்போது கட்டு எதிர்த்து அழுத்துவதால் நீர் மேலே தள்ளப்படுகிறது. இரண்டு முதல் நான்கு வாரம் இவ்விதம் செய்து வீக்கம் வற்றிய பின், அளவெடுத்த இறுக்கமான ஸ்லீவை அணிந்துகொள்ள வேண்டும்.

"இனி அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், கை வீக்கமுள்ள 141 பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் ஸ்லீவ் அணிந்து, வாரம் இருமுறை, சிறுகச் சிறுக எடை கூட்டித் தூக்கிப் பழகினார்கள். ஒரு வருட முடிவில் பார்த்தபோது, அந்தப் பயிற்சியினால் வீக்கம் அதிகரிக்கவில்லை. நோய் தீவிரமானது பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு. செய்யாதவர்களில் 29 பேருக்கு.

நமது பகுதிச் சகோதரிகளுக்கு இது எத்தனை நல்ல செய்தி என்று எண்ணிப் பாருங்கள்! முக்கூடலில் பீடி சுற்றுகிறவர்களும், பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களும், ஆற்றோர வயல்களில் நாற்று நடுகிறவர்களும் கையை நம்பியே பிழைக்கிறார்கள். கையை முடக்கி வைத்தால் அடுப்பு எரியாது. முறையாகப் பழகினால் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் கத்தரியோ முள்ளோ கீறினால் உடனே கழுவி மருந்திட வேண்டும். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் வந்துவிட வேண்டும்.

தடையாக நிற்பது மூன்று வாரக் கூலியும் பஸ் கட்டணமும்தான். ஸ்லீவும் சுமார் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். துவைத்து மாற்ற இரண்டு வேண்டும். நமது கோடை வெயிலில் அதை அணிந்திருப்பதே பெரிய பொறுமை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடும் இடம்பெற்றது. உங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்கள் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்கென்று மனமுவந்து கொடுக்கிறீர்கள், நன்றி. அது ஒரு நாளில் முடிகிறது. கையைப் பேணுவதோ வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒரு சகோதரியின் ஸ்லீவுக்காகவும் உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை நினைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.