ஏழு தலைமுறை காத்த விசுவாசம்

விசுவாசம் ஆண்டவர் அருளும் கொடை. ஆயினும் அது வானத்திலிருந்து நேராக நம் மடியில் வந்து விழுவதில்லை. நமக்கு முதன்முதலில் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக் கொடுத்தவர் யார்? பெத்லகேம் மாட்டுக்குடிலைப் பற்றியும் காணாமற்போன ஆட்டைப் பற்றியும் சொன்னவர் யார்? பெரும்பாலும் அன்னையோ பாட்டியோதான். அவர்களுக்கு அவர்களுடைய அன்னையர் சொன்னார்கள். இப்படி வாய்வழியாகவே கிறிஸ்தவ விசுவாசம் ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கோயில், குருவானவர், ஞானோபதேசப் புத்தகம், கன்னியர் மடம், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கும்போது இது எளிதான காரியம். இவற்றுள் ஒன்றுகூட இல்லாமற்போனால் விசுவாசம் நிலைக்குமா? இந்தக் கேள்விக்கு ஜப்பான் நாட்டு நாகசாகிப் பகுதி மக்களின் வரலாறு விடை தருகிறது.

மணியோசை கேட்ட சிறுவர்கள்

அந்த வரலாறு நம் தமிழ்க் கடற்கரையோடு தொடர்புடையது. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், முக்கிய செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாக நடந்து சிறுவர்களை அழைத்தார். அவர்கள் தம்மிடம் கற்றதை வீட்டிலே தாய் தந்தையருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஆம், நம் கடற்கரை ஊர்களில் சிறுவர்களே பெரியோர்க்கு ஆசிரியர்களாக இருந்தார்கள்!

அதே சவேரியார் 1549 ஆகஸ்டு 15 அன்று, தேவமாதா விண்ணேற்புத் திருநாளில், ஜப்பானின் காகோஷிமா துறைமுகத்தில் இறங்கினார். விசுவாசப் பிரமாணத்தின் விளக்கத்தை அந்நாட்டு மொழியில் எழுதிவைத்து மக்களுக்கு வாசித்துக் காட்டினார். அவருக்குப்பின் வந்த மறைபோதகர்களின் உழைப்பால் அங்கே திருச்சபை விரைந்து வளர்ந்தது.

இருள் சூழ்ந்த காலம்

ஆனால் அந்த வளர்ச்சி ஆட்சியாளர்களுக்கு அச்சத்தைத் தந்தது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகிக் குன்றிலே 26 பேர் சிலுவைகளில் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நம் இந்திய மண்ணில், மும்பைக்கு அருகிலுள்ள வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. லூயிஸ் இபராகி என்ற மறைசாட்சிக்கோ வயது 12 மட்டுமே!

1614-ஆம் ஆண்டு நாடு முழுவதும் கிறிஸ்தவ மறை தடை செய்யப்பட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். மறைந்திருந்து பணியாற்றியவர்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். 1644-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்நாட்டில் வெளிப்படையாகவோ மறைவாகவோ பணி செய்யும் குரு ஒருவர்கூட இல்லை. குடிமக்கள் அனைவரும் ஏதேனும் ஒரு புத்தக் கோயிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நாகசாகியில் ஆண்டுதோறும் மக்களை வரிசையில் நிறுத்தி, இயேசுவின் அல்லது மரியன்னையின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்கச் செய்தனர். மிதிக்க மறுத்தவர் கிறிஸ்தவர் என்று கண்டுபிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்.

வீடே கோயிலாயிற்று

இந்நிலையில் ஏழைக் குடியானவர்களும் மீனவர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விசுவாசத்தைக் காக்கும் வேலையைத் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக் கொண்டார்கள். உராகாமி முதலிய ஊர்களில் ஒருவர் நாட்காட்டியைக் காத்துத் திருநாள்களைக் கணக்கிட்டார். ஒருவர் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இன்னொருவர் இன்ன நாள் திருநாள், இன்ன நாள் ஒருசந்தி என்பதை வீடுவீடாக இரகசியமாக அறிவித்தார். ஒருவர் இறந்தால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்தார்.

செபங்களை ஓசை வெளியே கேளாதபடி முணுமுணுத்தார்கள். அவற்றுள் பல லத்தீன் சொற்கள்; பொருள் மறந்துபோயிற்று, ஆனால் சொல் மறக்கவில்லை. கையில் குழந்தை ஏந்திய வெள்ளைப் பீங்கான் தேவதைச் சிலைகளை வாங்கி வைத்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது கன்னோன் என்னும் பௌத்த தேவதை. அவர்களுக்கோ தேவ அன்னை. குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாததால் உத்தம மனஸ்தாப செபத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தார்கள். தகட்டை மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் கண்ணீரோடு அந்தச் செபத்தைத்தான் சொன்னார்கள்.

பாஸ்தியான் என்ற உபதேசியார், ஏழு தலைமுறைக்குப் பின் கறுப்புக் கப்பலில் குருக்கள் வருவார்கள் என்று சொல்லிச் சென்றதாக அவர்களிடையே ஒரு வழக்கு இருந்தது. தாய்மார் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

மாறியவையும் மாறாதவையும்

கையில் வேதாகமம் இல்லாமல் இருநூறு ஆண்டுகள் கதை சொன்னால் சில செய்திகள் மாறுவது இயல்பே. அவர்கள் எழுதி வைத்திருந்த 'வானமும் பூமியும் தொடங்கிய வரலாறு' என்ற கையெழுத்து நூலில் போஞ்சு பிலாத்து ஒருவரே இரண்டு மனிதர்களாகிவிட்டார்! குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்கள் துருக்கி, மெக்சிக்கோ, பிரான்சு நாடுகளிலிருந்து வருகிறார்கள்! படிக்கும்போது நமக்குப் புன்னகை வரலாம். ஆனால் இறைமகன் கன்னி மரியிடம் பிறந்தார், நமக்காகப் பாடுபட்டு மரித்தார், உயிர்த்தார் என்ற அடிப்படையை அவர்கள் விட்டுவிடவில்லை. இதிலிருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்கலாம். கதையைச் சொல்ல வாய் வேண்டும். சரியாகச் சொல்ல வேதாகமமும் வேண்டும்.

நம் நிலை எவ்வளவு மேலானது! 1578-ஆம் ஆண்டிலேயே 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் ஞானோபதேச நூல் கொல்லத்தில் அச்சாயிற்று. அதை ஆக்கித் தந்தவர், சவேரியாருக்குப் பின் முத்துக்குளித்துறையில் உழைத்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார். அவரே 1586-இல் புனிதர்களின் கதைகளை 'அடியார் வரலாறு' என்று தமிழில் வெளியிட்டார்.

1865 மார்ச்சு 17

ஜப்பான் தன் துறைமுகங்களை வெளிநாட்டாருக்குத் திறந்த பின்னும் அந்நாட்டு மக்கள் கிறிஸ்தவ மறையைத் தழுவத் தடை நீடித்தது. வெளிநாட்டாரின் வழிபாட்டுக்காக மட்டும் நாகசாகியில் ஓவுரா என்னுமிடத்தில் பிரெஞ்சுக் குருக்கள் ஓர் ஆலயம் எழுப்பினர். 1865 மார்ச்சு 17, வெள்ளிக்கிழமை நண்பகல். உராகாமியிலிருந்து பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் ஆலய வாயிலில் வந்து நின்றனர். பெத்திஜான் அடிகளார் கதவைத் திறந்துவிட்டுப் பீடத்தின்முன் முழந்தாளிட்டு ஜெபித்தார்.

அப்போது ஐம்பது, அறுபது வயது மதிக்கத்தக்க மூன்று பெண்கள் அவரருகே வந்து முழங்காலிட்டனர். அவர்களுள் ஒருவர், இசபெலினா யூரி என்பது அவர் பெயர் என்பார்கள், நெஞ்சில் கை வைத்து, தங்கள் எல்லோருடைய உள்ளமும் அவருடைய உள்ளம் போன்றதே என்று மெல்லச் சொன்னார். பிறகு சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். குழந்தை இயேசுவை ஏந்திய அன்னையைக் கண்டதும் அவர்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. கிறிஸ்து பிறந்த திருநாளைத் தாங்கள் கொண்டாடுவதையும், அந்நாள்கள் துக்க காலம் என்பதையும் அவர்கள் சொன்னார்கள். அது உண்மையில் தவக்காலமே! இயேசுவை வளர்த்த சூசையப்பரையும் அறிந்திருந்தார்கள். பின்னர் வேறோர் ஊரிலிருந்து வந்தவர்கள், உரோமையிலுள்ள பெரிய தலைவரைப் பற்றியும், குருவுக்குப் பிள்ளைகள் உண்டா என்றும் விசாரித்தார்கள். பாட்டன் பாட்டியர் சொல்லியிருந்த அடையாளங்களைக் கொண்டு குருவை அவர்கள் சோதித்தறிந்தார்கள்!

இந்த மகிழ்ச்சிக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. உராகாமி மக்கள் 3,300-க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு அகற்றப்பட்டுப் பல மாவட்டங்களில் சிறை வைக்கப்பட்டனர். 600-க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தனர். 1873-இல்தான் தடை நீங்கியது. திரும்பி வந்தவர்கள் உராகாமியில் பெரிய ஆலயம் ஒன்றைக் கட்டினார்கள். 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு அதைத் தரைமட்டமாக்கியது. அந்தப் பங்கின் மக்களுள் ஏறக்குறைய 8,500 பேர் மாண்டனர். 1959-இல் ஆலயம் மீண்டும் எழுந்தது. 2018-இல் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் ஊர்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

நம் கடமை

இவ்வரலாற்றில் சிந்திக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. தடை நீங்கிய பின்பும் சிலர் திருச்சபையோடு சேராமல், முன்னோரின் முறையிலேயே ஜெபித்து வந்தார்கள். அண்மைக் காலத்தில் அந்தக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து வருகின்றன. அவர்களை இப்போது எவரும் துன்புறுத்தவில்லை. இளையோர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டார்கள். முதியோரிடமிருந்து பொறுப்பை ஏற்க ஆள் இல்லை. வாளுக்கும் சிறைக்கும் அசையாத வழக்கம், கேட்பார் இல்லாமையால் மறைகிறது!

அன்புத் தோழியரே! நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். மாலையில் செபமாலைக்கு மணி அடிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியும் கைபேசியும் நம்மை இழுக்கின்றன. பாட்டி கதை சொல்லத் தயாராக இருக்கிறார். கேட்க நமக்குத்தான் நேரமில்லை. அவர் அறிந்த புனிதர் கதைகளும், நம் ஊர்க் கோயில் எழுந்த வரலாறும், நம் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார் என்பதும் அவரோடு மறைந்துவிட்டால் பின்னர் யாரிடம் போய்க் கேட்போம்?

ஆகவே இன்றே பாட்டி தாத்தாவிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்போம். அதை வேதாகமத்தோடும் பங்கு ஏடுகளோடும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வோம். வாரம் ஒரு கதையை நம் தம்பி தங்கையருக்குச் சொல்வோம். உபதேசம் செய்வது குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமே உரிய வேலை என்று ஒதுங்கிவிடாமல், முத்துக்குளித்துறைச் சிறுவர்களையும் உராகாமித் தாய்மார்களையும் பின்பற்றி, நாம் பெற்ற விசுவாசத்தை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றி அளிப்போமாக!